கரணை, கோர்வை, காரட்

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு நான்கு புள்ளியாக மூன்று வரிசை வையுங்கள். புள்ளிகளைத் தொடாமல் அவற்றை வளைத்துக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வொரு முறையும் கோட்டைக் கோடு வெட்டும்படி ஒரு சிக்குக் கோலம் இழுத்துப் பாருங்கள். கையை எடுக்காமல் ஒரே இழையில் முடிந்துவிடும். இப்போது நான்குக்கு நான்கு வையுங்கள். முடியாது. எங்கே ஆரம்பித்தாலும் கோடு பாதிக் கோலத்திலேயே ஆரம்பித்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும். மிச்சத்துக்கு வேறு இழை, அதற்கும் மிச்சத்துக்கு இன்னொன்று. மொத்தம் நான்கு தனித்தனி இழைகள் வேண்டும்.

காரணம் எளிது. இந்தக் கோலத்தில் கோடு எப்போதும் சாய்வாகவே ஓடுகிறது. ஓரத்துக்குப் போனதும், கேரம் பலகையின் கட்டையில் மோதிய ஸ்ட்ரைக்கர் மாதிரி, அதே சாய்வில் திரும்பி வருகிறது. இப்படி மோதித் திரும்பும் கோடு எத்தனை இடங்களைத் தொட்டுவிட்டு வீடு திரும்பும் என்பதை அகலமும் உயரமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. விதி இதுதான்: இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை இழைகள். பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொதுக் காரணி என்று படித்தோமே, அதேதான். 3, 4 இரண்டுக்கும் அது 1. 4, 6 இரண்டுக்கும் 2. 4, 4 இரண்டுக்கும் 4. ஏழாம் வகுப்பில் எதற்கு என்றே தெரியாமல் போட்ட கணக்கு, வாசலில் தினமும் காலையில் விடை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆனால் சதுரக் கோலத்தையும் ஒரே இழையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜனவரியில் மயிலாப்பூர் விழா நடக்கும்போது வடக்கு மாட வீதிக்குப் போனால் பார்க்கலாம். தார் ரோட்டில் கட்டம் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். கொடுத்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். மாவு விரலிடுக்கில் இறங்கும் வேகத்துக்கு யோசனையும் ஓட வேண்டும். அவர்கள் செய்யும் தந்திரம், சில இடங்களில் கோட்டைக் கோடு வெட்டவிடாமல் வளைத்துத் திருப்பிவிடுவது. இரண்டு வெவ்வேறு இழைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இப்படித் திருப்பினால் இரண்டும் ஒன்றாகிவிடும். நான்கு இழைகளை ஒன்றாக்க மூன்று திருப்பம் போதும். சிக்கல் அழகில் இருக்கிறது. நாலு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால்தான் கோலம். ஆகவே திருப்பங்களைப் பெரும்பாலும் நாலு நாலாகத்தான் செய்ய முடியும். சேர்ந்த இழை அடுத்த திருப்பத்தில் பிரிந்தும் போகலாம். அங்கேதான் பாட்டிகளின் கை ஜெயிக்கிறது.

தாம்பரத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் 1970-களில் இந்தக் கோலங்களை எடுத்துக்கொண்டு, கணினி மொழிகளுக்கு இலக்கணம் வகுப்பதுபோலக் கோலத்துக்கும் இலக்கணம் எழுதினார்கள். ஒரு சிறு வடிவம், அதை எப்படிப் பெருக்குவது என்பதற்கு நாலைந்து விதிகள். அவ்வளவு கொடுத்தால் ஒரு கோலக் குடும்பமே பிறந்துவிடும். படவரிசை இலக்கணம் என்ற கணினி அறிவியல் துறையின் ஆரம்பக் கட்டுரைகளில் கோலம் இடம்பெற்றது இப்படித்தான். பின்னால் இயற்பியலாளர் எஸ். நாரணன் ஃபிபனாச்சி எண்களை வைத்துக் கோலங்களைக் கட்டிக் காட்டினார். அடுத்தடுத்த இரண்டு ஃபிபனாச்சி எண்களுக்கு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. அந்த அளவில் செவ்வகம் வைத்தால் ஒரே இழை உத்தரவாதம்.

மயிலாப்பூரிலிருந்து தி.நகர் வரைக்கும் நீளும் இந்தக் கடைவீதி வட்டாரத்தை நான் பார்க்கும் விதமே இதனால் மாறிவிட்டது. இங்கே விலைக்கு வருகிற பொருள்களில் பாதி, யாரோ எப்போதோ கையால் போட்டு முடித்த கஷ்டமான கணக்கின் விடை. சூத்திரம் ரொம்பத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி நடந்தாலே போதும். நவராத்திரி சமயத்தில் வடக்கு மாட வீதி நெடுகக் கொலு பொம்மைகள், பரத நாட்டியத்துக்குச் சலங்கையும் சிவப்புக் கல் பதித்த நெற்றிச்சுட்டியும், பித்தளைக் குத்துவிளக்கு, நாட்டு மருந்து. ஒவ்வொன்றும் ஒரு கட்டுரைக்குத் தாங்கும். நான் நிற்கப்போவது மிருதங்கப் பட்டறையில்.

இந்தப் பகுதியின் சந்துகளில் மிருதங்கத்துக்கு மூட்டு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மூட்டு என்பது தோல்களை அடுக்கி, பின்னி, கட்டையின் வாயில் மாட்டுகிற அமைப்பு. பலா மரக் கட்டை பல வருஷம் உழைக்கும். மூட்டு அப்படியில்லை, தேயத் தேய மாற்ற வேண்டும். டிசம்பர் கச்சேரிக் காலத்தில் சபாக்களின் வாசலில் எவ்வளவு கூட்டமோ, அதே அவசரம் இந்தச் சின்ன அறைகளிலும் இருக்கும். தரையில் உட்கார்ந்து, எருமைத் தோல் வாரைக் காலால் உதைத்து இழுத்து இறுக்கும் வேலையைப் பார்த்தால், மேடையில் மெதுவாக ஒலிக்கும் அந்த 'தீம்' எத்தனை கிலோ இழுவிசையிலிருந்து பிறக்கிறது என்று புரியும்.

அந்த நாதம் இயற்கைக்கு விரோதமானது என்றுகூடச் சொல்வேன். ஒரு தந்தியை மீட்டினால் அது முழு நீளத்துக்கு ஒரு முறையிலும், இரண்டு பாதிகளாக, மூன்று பங்குகளாக, நான்கு பங்குகளாகவும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. அடிப்படை அதிர்வுக்கு மேலே பிறக்கும் இந்தக் கூடுதல் ஒலிகளுக்கு மேற்சுரம் என்று பெயர். தந்தியில் இவை 1, 2, 3, 4 என்று முழு எண் விகிதத்தில் அமைகின்றன. காது அவற்றைச் சேர்த்து ஒரே சுருதியாக எடுத்துக்கொள்கிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய தோலோ இந்த ஒழுங்குக்கு அடங்காது. அதன் மேற்சுரங்கள் 1, 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்று தாறுமாறாகப் போகும். ஒன்றோடொன்று ஒட்டாத ஆறேழு ஒலிகள் ஒரே நேரத்தில் கேட்டால் காது சுருதி தேடுவதைக் கைவிட்டுவிடும். 'தொம்' என்ற சத்தம்தான் மிஞ்சும். உலகத்தின் பெரும்பாலான முரசுகளும் பறைகளும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டன. தாளத்துக்குச் சத்தம் போதுமே. மிருதங்கத்துக்குப் போதவில்லை. பாடகரின் ஷட்ஜத்தோடு சேர வேண்டும்.

அதற்கான மருந்து வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தோலின், நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம், கரணை. கிட்டான் கல் என்கிற இரும்புச் சத்துள்ள கறுப்புக் கல்லை இடித்துச் சலித்த பொடி, வடித்த சோறு. இரண்டையும் பிசைந்த களிதான் அது. ஒரே அப்பாக அப்பிவிட முடியாது. கொஞ்சம் எடுத்துத் தேய்த்து, வழுவழுப்பான கல்லால் அது காயும்வரை உரசி, தட்டிக் கேட்டு, அதன்மேல் அடுத்த சுற்று. ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடச் சற்றுச் சிறிய வட்டம். இப்படிப் பல சுற்றுகள் ஏறும்போது நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெலிந்தும் ஒரு மேடு உருவாகிறது. உரசலில் மேற்பரப்பு முழுக்க மயிரிழை விரிசல்கள் விழும். அவை பிழையல்ல, வேண்டும் என்றே வரவழைப்பவை. விரிசல் இல்லாவிட்டால் கரணை ஒரு கெட்டித் தட்டாகித் தோலை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். விரிசல் இருப்பதால் எடையும் கிடைக்கிறது, வளைவும் கெடுவதில்லை.

எடையை நடுவில் வைத்தால் என்ன ஆகிறது? தோலின் அடிப்படை அதிர்வில் நடுப்பகுதிதான் அதிகமாக மேலும் கீழும் போகிறது. அங்கே பாரம் ஏறினால் அந்த அதிர்வு மெதுவாகிறது. அடுத்த அதிர்வில் நடுவே ஒரு கோடு அசையாமல் நிற்க, இரண்டு பாதிகளும் மாறி மாறி ஏறி இறங்குகின்றன. நடுப் பாரம் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. கீழே உள்ளது இறங்கிவிட்டது, மேலே உள்ளது கிட்டத்தட்ட அங்கேயே நிற்கிறது, ஆகவே 1.59 என்ற விகிதம் அகன்று 2-ஐத் தொடுகிறது. கரணையின் தடிமனையும் சரிவையும் சரியாக அமைத்தால் மற்றவையும் 3, 4, 5-க்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். இதில் ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் கணக்கு தப்பும். கட்டுகிறவரிடம் இருக்கும் அளவுகோல் காது மட்டுமே.

இதை முதலில் இயற்பியலாக எழுதிக் காட்டியவர் சி.வி. ராமன். திருவானைக்காவலில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். கல்கத்தாவில் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, 1920-ல், சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் இந்திய முரசுகளின் மேற்சுரங்கள் பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். 1934-ல் விரிவாக இன்னொன்று. தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவித் தட்டினால், அசையும் இடத்திலிருந்து மணல் விலகி, அசையாத கோடுகளில் போய்ச் சேரும். அதிர்வு தன் படத்தைத் தானே வரைந்துகொள்கிறது. அந்தப் படங்களிலிருந்து அவர் கண்டது இன்னும் வியப்பானது. தோலுக்கு வெவ்வேறு உருவமுள்ள ஒன்பது அதிர்வுகள் இருந்தும், காதில் விழுவது ஐந்து சுரங்கள்தான். முதல் இரண்டும் தனித்தனி. அடுத்த இரண்டு சுரங்களில் இரண்டிரண்டு அதிர்வுகள் ஒரே வேகத்தில் இணைகின்றன. ஐந்தாவதில் மூன்று. கலைந்து கிடந்த ஒன்பதை ஐந்தாகக் கோத்துவிட்டது சோறும் கல்பொடியும்.

வாசிப்பவரின் விரல்கள் இந்த ஐந்தில் தேர்ந்தெடுக்கின்றன. அடுத்த முறை முன்வரிசையில் இடம் கிடைத்தால் வலது கையின் மோதிர விரலைக் கவனியுங்கள். 'நம்' என்ற சொல்லுக்கு அது கரணையின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்திருக்கும். ஆட்காட்டி விரல் விளிம்புத் தோலில் அடிக்கும். மோதிர விரலின் அந்த மெல்லிய தொடுகை அடிப்படை அதிர்வை அமுக்கிவிடுகிறது. மேலே உள்ள சுரம் துல்லியமாக எழும்புகிறது. விரலை எடுத்துவிட்டு அடித்தால் எல்லாமே திறந்துகொள்ளும், 'தீம்'. இடப்பக்கம் தொப்பி. அதற்கு நிரந்தரக் கரணை கிடையாது. கச்சேரிக்கு முன்னால் ரவையைத் தண்ணீரில் பிசைந்து நடுவில் அப்பி, முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். உப்புமாவுக்கு எடுக்கிற அதே ரவைதான். தேவையான எடை அன்றைய ஈரத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவு செய்ய வேண்டும். தோல் ஈரம் குடித்தால் தளர்ந்து சுருதி இறங்கும், வறண்டால் இறுகி ஏறும். அதனால்தான் நடுநடுவே கல்லும் கட்டையுமாக விளிம்பைத் தட்டிச் சேர்க்கிற அந்தக் காட்சி. மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும்.

ராமனின் பெயர் பாடநூலில் இருக்கிறது. வாசித்த மேதைகளின் படங்கள் சபாச் சுவர்களில் இருக்கின்றன. இந்தத் தோலைப் பதப்படுத்தி, கரணை இட்டுக் கொடுத்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லாமல் இருந்தன. அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-ல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் அந்தக் குடும்பங்களின் வரலாற்றைத் தேடித் தொகுத்தது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞரின் ஓயாத சோதனைகளும் இருந்தன என்பதை அதன் பிறகுதான் நிறைய ரசிகர்கள் அறிந்தார்கள். ஆய்வகம் என்று பலகை இல்லாவிட்டாலும் அங்கே நடந்தது ஆய்வுதான்.

வீணையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மயிலாப்பூரை விட்டுப் போக மனம் வரவில்லை. அதில் 24 மெட்டுகள். ஒவ்வொரு மெட்டும் தந்தியின் மீதி நீளத்தைச் சுமார் 5.6 சதவீதம் குறைக்கிறது. பன்னிரண்டு படி ஏறினால் சரியாகப் பாதி நீளம், அதாவது மேல் ஸ்தாயி ஷட்ஜம். கிட்டாரில் மெட்டுகளை மரத்தில் இறுக்கிப் பதித்துவிடுவார்கள். வீணையில் தேன்மெழுகில் கரி கலந்த கறுப்பு மெழுகின்மேல் அவை உட்கார்ந்திருக்கின்றன. காது திருப்தியடையும்வரை நகர்த்தலாம். சென்னை வெயிலில் தானாகவும் நகரும், அது வேறு விஷயம்! ராமன் 1921-ல் வீணையிலும் தம்புராவிலும் இன்னொரு புதுமையைக் கவனித்தார். ஒரு மேற்சுரத்துக்கு அசையாமல் நிற்க வேண்டிய புள்ளியிலேயே தந்தியை மீட்டினால் அந்தச் சுரம் கேட்கவே கூடாது என்பது ஐரோப்பாவில் நூறாண்டுக்கு மேலாக இருந்த விதி. இந்த இரண்டு வாத்தியங்களிலும் அது தெளிவாகக் கேட்டது. தந்தி உட்காரும் குதிரை தட்டையாக இல்லாமல் லேசாக வளைந்திருப்பதுதான் காரணம். அதிரும் தந்தி அந்த வளைவை உரசி உரசி எழுவதால், விதிப்படி ஒலிக்கக் கூடாத சுரத்துக்கும் சக்தி போய்ச் சேர்கிறது. தம்புராக்காரர் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூல் துண்டை வைத்து நகர்த்துவார். அதற்கு ஜீவா என்று பெயர்.

1928 ஒரு விசித்திரமான ஆண்டு. பிப்ரவரியில் ராமன் தம் பெயர் பெற்ற ஒளிச் சிதறலைக் கண்டுபிடித்தார். ஆகஸ்டில் மியூசிக் அகாடமி தொடங்கியது. அதே ஆண்டில் நல்லி சின்னசாமி செட்டி தி.நகரில் பட்டுக் கடை திறந்தார். அப்போது தி.நகருக்கு வயது ஐந்துகூட இருக்காது. அதற்கு முன் அங்கே இருந்தது தண்ணீர்: நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை மவுண்ட் ரோட்டின் மேற்கே நீண்டு கிடந்த ஏரி. 1920-களில் நீதிக்கட்சி அரசு அதை வடித்து மனை போட்டது. பிட்டி தியாகராயர் பெயரில் நகர். பனகல் அரசர் பெயரில் நடுவே பூங்கா, அதிலிருந்து கதிர்போலப் பிரியும் சாலைகள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. ஏரியைத்தான் காணோம். பெருமழை வந்தால் தண்ணீர் மட்டும் பழைய முகவரியை மறக்காமல் வந்துவிடும்.

பட்டுக் கடைகள் ஏன் இப்படி ஒன்றை ஒன்று ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன என்பதற்கு 1929-லேயே ஹெரால்ட் ஹோட்டலிங் என்ற அமெரிக்கர் கணக்குப் போட்டார். எதிராளியை விட்டு விலகிப் போகிற கடை, நடுவில் நிற்கிற வாடிக்கையாளரை இழக்கும். இரண்டு பேரும் நகர்ந்து நகர்ந்து பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடுவார்கள். நம் ஊரில் இன்னொரு காரணமும் சேர்கிறது. கல்யாணப் புடவை எடுக்க வரும் குடும்பம் நாலு கடை ஏறி இறங்காமல் எடுக்காது. நாலு கடையும் ஒரே தெருவில் இருந்தால்தான் அந்தத் தெருவுக்கே வரும்.

ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இன்னொரு பாடம் நடக்கும். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து வருகிறவர்கள் ஒரு பக்கம், உஸ்மான் சாலையிலிருந்து போகிறவர்கள் மறுபக்கம். எதிரெதிராக வரும் இத்தனை பேரும் முட்டிக்கொண்டு நின்றுவிட வேண்டும். நிற்பதில்லை. யாரும் கோடு போடாமலே ஓடைகள் பிரிகின்றன: போகிறவர் ஒரு சரம், வருகிறவர் ஒரு சரம். டிர்க் ஹெல்பிங்கும் பேட்டர் மோல்னாரும் 1995-ல் இதைக் கணினியில் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு கணினி மனிதனுக்கும் அடிப்படையில் இரண்டே ஆசை: போக வேண்டிய திசையில் போவது, அடுத்தவரை இடிக்காமல் இருப்பது. ஓடைகள் தாமாகவே உருவாயின. நமக்கு முன்னால் அதே திசையில் போகிறவரின் முதுகுக்குப் பின்னால்தான் இடி குறைவு; ஆகவே அங்கே ஒதுங்குகிறோம். நம் பின்னால் இன்னொருவர். அவ்வளவுதான் சூட்சுமம். ஒரு சதுர மீட்டரில் ஆறு பேர் என்ற அளவு நெருங்கும்போது இந்த ஒழுங்கு உடையும். தள்ளுதல் ஒருவர் உடம்பிலிருந்து அடுத்தவருக்கு அலையாகப் பாய ஆரம்பிக்கும். 2023-ல் ரயில் நிலையத்துக்கும் தி.நகர் பேருந்து நிலையத்துக்கும் நடுவே திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதை, அந்த எண்ணை ஆறுக்குக் கீழே வைத்திருக்க உதவும் ஒரு வழி.

அந்த 570 மீட்டரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டுப்புழு கட்டும் ஒரே கூட்டிலிருந்து உரியும் ஒரே இழை, அறுபடாமல் இழுத்தால், பெரும்பாலும் அதைவிட நீளம். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதன் குறுக்குவெட்டு வட்டமில்லை, மூலை மழுங்கிய முக்கோணம். பருத்தி இழையில் பட்ட வெளிச்சம் நாலாபக்கமும் சிதறிப் போகிறது. பட்டின் தட்டையான பக்கங்கள் அதைக் கொத்தாகத் திருப்பி அனுப்புகின்றன. கடைக்காரர் புடவையை உதறி விரிக்கும்போது ஓடுகிற அந்தப் பளபளப்பு சாயத்தால் வருவதில்லை. வடிவத்தால் வருவது.

மயில்கழுத்து நிறம் என்று கேட்டு வாங்குகிறார்களே, அந்தப் புடவையில் மயில்கழுத்து நிறச் சாயமே இருக்காது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நீளவாக்கில் ஓடும் இழை பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. ஒன்று நீலம், ஒன்று பச்சை. ஒரு கோணத்தில் நீல இழைகள் வெளிச்சத்தைத் திருப்புகின்றன. மடிப்பு திரும்பியதும் பச்சை. மயிலின் கழுத்திலும் நீலச் சாயம் கிடையாது. இறகில் கறுப்பு நிறமிக் கம்பிகள் மிக நுண்ணிய இடைவெளியில், ஒரு மில்லிமீட்டருக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வரிசைகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த இடைவெளிக்குப் பொருந்துகிற நிறம் மட்டும் வலுத்துத் திரும்புகிறது. இரண்டும் செய்வது வேறு வேறு வேலை. ஆனால் பார்க்கும் கோணத்தை நம்பியிருப்பதில் நெசவாளியும் மயிலும் ஒரே கட்சி.

காஞ்சிபுரத்துப் பட்டின் உண்மையான சாமர்த்தியம் கரையில் இருக்கிறது. உடல் பச்சை, கரை அரக்கு என்று வைத்துக்கொள்வோம். சாதாரணத் தறியில் ஒரே நாடா, ஊடை இழையைச் சுமந்துகொண்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடும். பச்சை ஊடை அரக்குக் கரைக்குள்ளும் நுழைந்து அதை மங்கலாக்கிவிடும். சுத்த அரக்கு வேண்டுமென்றால் பச்சை ஊடை கரையின் எல்லையோடு நின்று திரும்ப வேண்டும். அங்கே கரைக்கான அரக்கு ஊடை வந்து அதைக் கோத்துக்கொள்ள வேண்டும். இதுதான் கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று நாடா. ஒருவர் கை எட்டாது. இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு 25 ஊடை என்று வைத்துக்கொண்டால், ஐந்தரை மீட்டர் புடவைக்கு 13,750 முறை இந்தக் கைமாற்றம். அத்தனை தடவையிலும் இழுப்பு ஒரே அளவாக இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் கரை சுருங்கும், குறைந்தால் கண்ணி தொங்கும்.

முந்தானைக்கும் நிறம் மாற வேண்டுமா? அப்போது பாவையே மாற்ற வேண்டும். தறியில் ஏறியிருக்கும் பல ஆயிரம் பாவு இழைகளையும் ஒவ்வொன்றாகப் புது நிற இழையோடு கையால் இணைக்கிறார்கள். பேட்னி என்று அதற்குப் பெயர். புடவையைத் திருப்பி, உடலும் முந்தானையும் சேரும் இடத்தை விரலால் தடவினால் சின்ன மேடு தட்டுப்படும். கரை சேருமிடத்தின் மறுபக்கத்தில் இழைகள் ஒன்றையொன்று கவ்வியிருப்பது தெரியும். வாங்கும்போது விலைச்சீட்டைப் பார்க்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

பூவும் அன்னமும் யாளியும் எப்படி வருகின்றன? எந்தெந்தப் பாவு இழை தூக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு ஊடைக்கும் முன்னால் யாராவது தறிக்குச் சொல்ல வேண்டும். முன்பு அடை என்ற நூல் கட்டு இருந்தது. உதவியாள் அதை இழுத்து இழுத்துச் சொன்னார். பிறகு ஜக்கார்டு வந்தது. ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் பிரான்சில் அமைத்த இயந்திரம். துளையிட்ட அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்துத் தறியின் தலையில் மாட்டிவிடுவார்கள். துளை இருந்தால் இழை மேலே, இல்லாவிட்டால் கீழே. ஆம், இல்லை என்ற இரண்டே எழுத்தில் ஒரு யாளி. 1839-ல் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள், சுமார் 24,000 அட்டைகளை வைத்து. சார்லஸ் பாபேஜ் அதில் ஒரு பிரதி வைத்திருந்தார். தாம் கனவு கண்ட கணக்கு இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க அதே அட்டைகளைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். நூறு வருஷம் கழித்தும் கணினிகள் துளையட்டைகளைத்தான் தின்றுகொண்டிருந்தன. காஞ்சிபுரத்து நெசவாளி வீட்டுக் கூரையில் தொங்கும் அட்டைச் சரம் கணினியின் தாத்தா வழிச் சொந்தம்.

ஜரிகை தங்கம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். சிவப்புப் பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசுகிறார்கள். மொத்த எடையில் தங்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. உள்ளே சிவப்பு நூல் வைத்ததிலும் யோசனை இருக்கிறது: உலோகச் சுற்றுகளின் இடுக்கில் எட்டிப் பார்க்கும் சிவப்பு, மேலே உள்ள மஞ்சளைக் கனமாகக் காட்டும்.

நிஜத் தங்கத்துக்கு அதே சாலையில் நாலு கடை தள்ளிப் போக வேண்டும். 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.9166; அதுதான் நகையின் உள்பக்கம் பொறித்த 916. எட்டு கிராம் பவுனில் சுத்தத் தங்கம் 7.33 கிராம். மிச்சம் செம்பும் வெள்ளியும், இல்லாவிட்டால் சங்கிலி வளைந்து நீண்டுவிடும். பழைய நகையைக் கொண்டுபோனால் இப்போது ஒரு பெட்டிக்குள் வைத்து மூடி, கொஞ்ச நேரத்தில் சதவீதம் சொல்லிவிடுகிறார்கள். காரட் மீட்டர். அதற்குள் எக்ஸ் கதிர் நகையில் பாய்ந்து, அணுவின் உள்வட்டத்தில் இருக்கும் எலெக்ட்ரானைத் தட்டிவிடுகிறது. காலியான இடத்துக்கு மேலிருந்து இன்னொரு எலெக்ட்ரான் இறங்குகிறது. இறங்கும்போது தன் மிச்ச ஆற்றலைப் புதிய எக்ஸ் கதிராக உமிழ்கிறது. அந்த ஆற்றல் ஒவ்வொரு தனிமத்துக்கும் வேறு. தங்கத்தினுடையதும் செம்பினுடையதும் வெள்ளியினுடையதும் குழம்பவே முடியாது. எது எத்தனை வருகிறது என்று எண்ணினால் கலவை தெரிந்துவிடும். நகையில் ஒரு கீறல்கூட விழாது.

காரட் மீட்டருக்குக் கண் ஆழம் போதாது, அதுதான் குறை. தங்கத்துக்குள் அது பார்ப்பது மேலே உள்ள சில மைக்ரான் மட்டுமே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தடிமனாக முலாம் பூசிய செம்பு வளையல் அதை ஏமாற்றிவிடும். பழைய தட்டான் உரைகல்லில் தேய்த்து, தெரிந்த மாற்றுள்ள ஆணியின் கோட்டோடு ஒப்பிட்டு, அமிலத் துளி விட்டுப் பார்ப்பார். அதுவும் மேற்பரப்புதான், ஆனால் சந்தேகம் வந்தால் ஓரத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து உள்ளே பார்க்க அவர் தயங்குவதில்லை. ஹால்மார்க் முத்திரை இடும் மையங்களில் நகைக்கு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியை லேசரால் பொறிக்கிறார்கள். அங்கேகூடத் தகராறு வந்தால் கடைசித் தீர்ப்பு உலைக்குத்தான். நகையிலிருந்து கொஞ்சம் வெட்டி எடுத்து, வெள்ளியும் ஈயமும் சேர்த்து, நுண்துளைக் கிண்ணத்தில் ஆயிரம் டிகிரிக்கு மேலே உருக்குகிறார்கள். ஈயம் காற்றோடு சேர்ந்து செம்பையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்தின் சுவருக்குள் ஊறிப் போகிறது. மிஞ்சிய மணியைத் தட்டி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவிட்டால் வெள்ளி கரைந்துவிடுகிறது. மிச்சத்தைத் தராசில் வைத்து, வெட்டி எடுத்த எடையால் வகுக்கிறார்கள். பிழை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஈயத்தோடு உருக்கிப் பிரிப்பது கிறிஸ்து பிறப்பதற்கு முன்பிருந்தே நடப்பில் உள்ள முறை. இன்றைக்கும் காரட் மீட்டர் சொன்னதும் இந்தத் தராசு சொன்னதும் ஒத்துப்போகாவிட்டால், திருத்திக்கொள்ள வேண்டியது காரட் மீட்டர்தான்.